வழுக்காத தட்டு

ராக்காயி அன்றைக்குக் கரைக்கு வந்து சேர்வதற்குள் ஏலம் முடிந்துவிட்டது. அறந்தாங்கி பஸ் நடுவழியில் பஞ்சராகி நின்றுவிட்டதாம். கீரமங்கலத்துப் பக்கம் தெருத்தெருவாகக் கூவி மீன் விற்று, அதில் வருவதை வைத்து அன்றன்றைக்கு உலை ஏற்றுகிறவள் அவள். வெறுங்கூடையோடு திரும்பிப் போக மனசு வரவில்லை. யாரிடமும் போய்க் கேட்கவும் வாய் வரவில்லை. கூடையைத் தலையில் இருந்து இறக்காமலே நின்றாள்.

பிராங்க்ளின் கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்து வலையில் இருந்து நண்டு கழித்துக்கொண்டிருந்தார். வீட்டுக் குழம்புக்கென்று ஒதுக்கிய நண்டு ஏழெட்டு, பக்கத்தில் பெட்டியில் கிடந்தது. பெரிய நண்டுகள். அவர் லேசாகக் கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பெட்டிக்குள் கையை விட்டு ஒவ்வொரு நண்டிலும் ஒரு காலை முறித்தார். பிறகு இந்தப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"ஏ ராக்காயி, இங்க வா. இது எல்லாம் கால் ஒடிஞ்ச நண்டு. கம்பெனிக்காரன் வேணாம்னு தள்ளிட்டான். நாறிப் போறதுக்குள்ள நீயாச்சும் கொண்டுபோ."

"ஒடிஞ்சது ஒடசலெல்லாம் என் தலையிலதான் கட்டுவீங்க" என்று முணங்கிக்கொண்டே ராக்காயி கூடையை இறக்கினாள். அந்த முணங்கலில் அவளுக்கு உயிர் வந்திருந்தது.

சவுக்கு மரத்தடியில் வலைக்கண் முடிந்துகொண்டிருந்த அவர் மனைவி ஜெபமாலையம்மாள் எல்லாவற்றையும் பார்த்தாள். அவள் கண்டுபிடிக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். அன்றைக்கு மத்தியானம் வீட்டில் ரசமும் அப்பளமும்தான். நண்டு எங்கே என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பிராங்க்ளின் அப்படிப்பட்ட ஆள். செய்வதை மறைத்துச் செய்வார். அந்த மறைக்கிற குணத்தால் ஜெபமாலை பின்னாளில் ஒருநாள் மனம் உடைந்து அழவும் நேர்ந்தது. அந்தக் கதைதான் இது.

மீமிசலில் இருந்து கடலோரமாகத் தெற்கே போனால் சவேரியார்திடல் என்று நாற்பது வீட்டுக் கரை ஒன்று. அங்கே பிராங்க்ளினுக்கு ஒரு வத்தை இருந்தது. வத்தை என்றால் பாய் கட்டி ஓட்டுகிற மரப்படகு. விசைப்படகுக்காரர்கள் எஞ்சினை முடுக்கிக்கொண்டு ஆழத்துக்குப் போவார்கள். இவர் காற்றை நம்பிப் போகிறவர். சாயங்காலம் போய் நண்டு வலையை விட்டுவிட்டு, விடியக்காலம் போய் எடுத்து வருவார். தனி ஆள்தான். வத்தையின் முன்பக்கத்தை அணியம் என்பார்கள். அங்கே ஒரு ஆள் நிற்கிற அகலத்துக்குப் பலகைத் தட்டு. பின்னால் சுக்கான் பிடிக்கிற இடத்தில் இன்னொரு தட்டு. அணியத்துத் தட்டில் வெறுங்காலை அகட்டி ஊன்றி நின்றால்தான் வலை மேலே வரும். காலில் பிடிப்பு இல்லையென்றால் கையில் எவ்வளவு பலம் இருந்தும் பிரயோசனமில்லை.

ஐம்பத்திரண்டாவது வயதில் அவருக்குச் சுகர் என்று தெரிந்தது. அதற்கப்புறம் பாதம் கொஞ்சம் கொஞ்சமாக மரத்துப்போனது. ஒரு நாள் கோயிலில் பூசை முடிந்து வீட்டுக்குள் வந்தவரை ஜெபமாலை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒத்தச் செருப்போட எங்கேர்ந்து வாரீங்க?"

அவர் குனிந்து பார்த்தார். ஒரு காலில் செருப்பு இருந்தது. ஒரு காலில் இல்லை. "அட, அது பின்னாடி மெதுவா வருதுபோல" என்றார். அவள் சிரித்தாள். ஆனால் அன்று ராத்திரி செபமாலை சொல்லும்போது அவர் காலுக்காக மாலையில் பத்து மணி உருட்டித் தனியாகச் செபம் சொன்னாள்.

அடுத்த தை மாதம், வாடைக்காற்று நாளில், விடியக்காலம் வலை இழுக்கும்போது அவர் அணியத்தில் வழுக்கி விழுந்தார். படகின் விளிம்பில் நெஞ்சு அடித்து, பாதி உடம்பு தண்ணீரில் தொங்கியது. வலைக்கயிற்றைப் பிடித்து எப்படியோ ஏறி, ஒற்றைக் கையால் பாயைத் திருப்பிக் கரைக்கு வந்து சேர்ந்தார். வந்தவர் இறங்கவில்லை. வத்தைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். ஜெபமாலை ஓடிப் பார்த்தபோது, "ஒண்ணுமில்ல, கொஞ்சம் மூச்சு வாங்குது" என்றார். விலா எலும்பு இரண்டு விரிசல் விட்டிருந்தது.

அவர்களுக்கு ஒரே மகள், டயானா. திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். லீவு போட்டு வந்தவள் அப்பாவின் நெஞ்சுக்கட்டைப் பார்த்தாள், பாதத்தை ஊசிமுனையால் தொட்டுப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"வத்தைய வித்துருங்கப்பா. அடுத்த தடவை விழுந்தா தூக்கிவிட யாரு இருக்கா?"

ஜெபமாலையும் மகள் பக்கம்தான். "அவ சொல்றது சரிங்க. கடல் போதும்."

பிராங்க்ளின் நெஞ்சுக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "ஈஸ்டர் வரைக்கும் டைம் குடுங்க. தட்டு என் காலைப் புடிக்கிற மாதிரிப் பண்ணிக் காட்டுறேன். எல்லாரும் பாக்க ஈரக்காலோட ஏறி நிக்கிறேன். வழுக்குச்சுன்னா அன்னைக்கே வித்துருவோம். வழுக்கலைன்னா என்னைய யாரும் மறிக்கக் கூடாது."

டயானா சிரித்தாள். "பலகை எப்படிப்பா காலைப் புடிக்கும்?"

"அது என் பாடு."

சித்திரை பிறந்ததும் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிடும். விசைப்படகுகள் இரண்டு மாசம் கட்டிக் கிடக்கும். பாய்மரத்துக்குத் தடை கிடையாது. பிராங்க்ளினுக்கு வருசத்தில் நல்ல மாசங்கள் என்றால் அவைதான். ஆனால் அவர் மனசில் இருந்தது அது மட்டும் இல்லை என்று ஜெபமாலைக்குத் தெரியும். கரையில் உட்காரவைத்தால் அந்த ஆள் மெல்ல மெல்ல இல்லாமல் போய்விடுவார். போகவிட்டால் ஒரே நாளில் போய்விடுவார். இரண்டுக்கும் நடுவில் அவள் கிடந்து தவித்தாள்.

தட்டு எப்படிக் காலைப் பிடிக்கும் என்ற யோசனை அவருக்கு ஆஸ்பத்திரியில் வந்தது. புதுக்கோட்டையில் மாத்திரை வாங்கப் போனபோது, தள்ளுவண்டி ஏறுகிற சரிவுத் தளத்தில் நடந்திருக்கிறார். யாரோ தண்ணீர் கொட்டி வைத்திருந்தும் கால் வழுக்கவில்லை. குனிந்து தடவிப் பார்த்தால் தளம் சொரசொரவென்று இருந்தது. ஊருக்கு வந்ததும் நேரே கொத்தனார் வீரய்யாவைப் போய்ப் பார்த்தார். வீரய்யா பக்கத்து ஊர்க்காரர். அந்தப் பக்கத்து வீடுகளில் பாதி அவர் கட்டியது. பிராங்க்ளினுக்குச் சின்ன வயசுப் பழக்கம்.

"பலகையில சிமெண்டா பூசச் சொல்ற? வத்தை மெதக்கணுமா முங்கணுமா?" என்றார் வீரய்யா.

"சிமெண்டு வேணாம்யா. பெயிண்டு. அதுல மணலைப் போட்டா?"

வீரய்யா பீடியை அணைத்தார். அவருக்கு அது பிடித்துப்போயிற்று என்று அர்த்தம். "போடலாம். ஆனா கடல் மணல் ஆகாது. உப்பு இருக்கும், பெயிண்டத் தூக்கிவிட்ரும். ஆத்து மணல் நான் கொண்டாரேன்."

தவக்காலத்தின் நடுவில் வேலை ஆரம்பமானது. வத்தையைக் கரைக்கு இழுத்து, முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். விலா வலியோடே பிராங்க்ளின் பழைய பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். வீரய்யா வெள்ளாற்று மணலைக் கழுவிக் காயவைத்தார். சலிப்பதற்குச் சல்லடை தேடியபோதுதான் ஜெபமாலையின் அடுக்களையில் இருந்து ஒன்று காணாமல் போனது.

"இடியாப்ப மாவு சலிக்கிற சல்லடைங்க அது."

"ஆத்து மணல்தான. சுத்தமா இருக்கும்" என்றார் பிராங்க்ளின்.

"அப்ப இன்னைக்கு ராத்திரி அதையே அவிச்சுத் தாரேன்."

வீரய்யா குறுக்கே வந்து, "தங்கச்சி, எனக்கும் ரெண்டு வைய்யி, தேங்காப்பால் ஊத்தி" என்றார்.

பிரைமர் அடித்துக் காயவிட்டு, அதன் மேல் ஒரு கை பெயிண்ட் அடித்தார்கள். பெயிண்ட் ஈரமாக இருக்கும்போதே, கைக்குள் மணலை வைத்துக்கொண்டு, குழம்புக்கு உப்புத் தூவுகிற மாதிரி மேலே இருந்து பரவலாகத் தூவினார்கள். மறுநாள் ஒட்டாத மணலைப் பெருக்கித் தள்ளிவிட்டு, இன்னொரு கை தண்ணியாக அடித்தார்கள். பின்தட்டு அருமையாக வந்தது. கையை வைத்தால் பூனை நாக்கு மாதிரி இருந்தது.

அணியத்துத் தட்டு மட்டும் மூன்றாம் நாள் உரிந்தது. சும்மா உரியவில்லை. வெயிலில் வெந்த முதுகுத்தோல் மாதிரி, தகடு தகடாக மணலோடு கையில் வந்தது. வீரய்யா தின்னரால் துடைத்து மறுபடி அடித்தார். மறுபடியும் உரிந்தது. அவர் பலகையில் கட்டைவிரலை அழுத்தித் தேய்த்து, விரலை மோந்து பார்த்தார்.

"பலகை பூரா எண்ணெய் ஏறிக் கெடக்கு. மேலாப்பல இல்ல, உள்ளுக்குள்ள குடிச்சிருக்கு. என்னத்தப்பா ஊத்துன இதுல, வருசக்கணக்கா?"

பிராங்க்ளின் குனிந்து உரிந்த பெயிண்டைப் பொறுக்க ஆரம்பித்தார். வீரய்யாவுக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்த ஜெபமாலை அப்படியே நின்றுவிட்டாள்.

அந்த எண்ணெய் அவளுடையது. கல்யாணமான வருசத்தில் இருந்து, செவ்வாய்க்கிழமைதோறும், அந்தோணியார் பீடத்து விளக்கில் எரிகிற எண்ணெயைச் சின்னச் சீசாவில் வாங்கி வந்து, புருசன் கடலுக்குப் புறப்படுமுன் அணியத்துத் தட்டில் சிலுவை போட்டுத் தடவுவாள். அந்தக் கரையில் பொம்பளைகள் வத்தையில் கால் வைப்பதில்லை. தரையில் நின்று எட்டித் தடவிக்கொள்வாள். முதலில் ஒரு விரல் எண்ணெய்தான். ஒரு புயலுக்கு அவர் ஒரு நாள் முழுக்கத் திரும்பாமல் இருந்த பிறகு, உள்ளங்கை அளவு ஆனது. சுகர் என்று தெரிந்த பிறகு இன்னும் கூடியது. எந்த வாரம் பயம் அதிகமோ அந்த வாரம் எண்ணெயும் அதிகம்.

வீரய்யா சாப்பிடப் போனதும் அவள் கேட்டாள்.

"அன்னைக்கு நீங்க வழுக்குனது இந்த எடம்தானா?"

"சுகர்க் காலு. எங்க நின்னாலும் வழுக்கும்."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

அவர் உரிந்து கிடந்த பெயிண்டைப் பொறுக்கிக்கொண்டே இருந்தார். "இந்த எடந்தான்" என்றார்.

"இது வழுக்கும்னு முன்னாடியே தெரியுமா?"

"காலு நல்லா இருந்தப்ப, ஏறுனதும் கோணியப் போட்டு ஒரு தொடை தொடைச்சிருவேன். அப்புறம் கால்ல ஒண்ணும் தெரியல. எவ்வளவு தொடைச்சேன்னும் தெரியல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது. நீ எனக்காகத்தான தடவுன."

ஜெபமாலை மணலில் உட்கார்ந்து அழுதாள். அவர் விழுந்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. காப்பாற்றச் சொல்லித் தடவிய கையே தள்ளிவிட்டிருக்கிறது. இத்தனை வருசம் ஒரு மனுசன் அதைக் கோணியால் துடைத்துத் துடைத்து மறைத்திருக்கிறான். யாரைக் கோபிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுது முடித்தபோது கோபம் போய்விட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

"என்னத்துக்கு இப்ப அடுப்பு?" என்று கேட்டார் பிராங்க்ளின்.

"ஏத்துன எண்ணெய எறக்கணும்ல. ஒங்க தின்னருக்கு எறங்காது. எண்ணெய் தேச்ச தலைய நீங்க என்னத்தப் போட்டு அலசுறீங்க?"

ஒரு அண்டா வெந்நீர், சலவைச் சோடா, ஒரு பை சீயக்காய்த்தூள். அதுதான் அவள் வைத்தியம். வத்தையின் இரு பக்கமும் டிரம்மை நிறுத்தி, மேலே குறுக்காகப் பலகை போட்டு, அதில் குப்புறப் படுத்துக்கொண்டு தேய்த்தாள். அவள் கால் வத்தையில் படவே இல்லை. சீயக்காய் வாசம் கரை முழுக்க அடித்தது. மீன் வாங்க வந்த ராக்காயி நின்று பார்த்தாள்.

"என்னக்கா, வத்தைக்குத் தலைமுழுக்கா?"

"ஆமாண்டி. சாம்பிராணி போட நீ வந்துரு."

ஒரு நாள் தேய்த்தாள். வெயிலில் மறுபடி எண்ணெய் கசிந்தது. மறுநாளும் தேய்த்தாள். ஐந்து நாள் அப்படிப் போனது. கசியாத அன்றைக்கு வீரய்யா தகட்டை வைத்து மேல்மரத்தைச் சீவி எடுத்தார். சீவின தூளை ஜெபமாலை யாரையும் மிதிக்கவிடவில்லை. மந்திரித்த எண்ணெய் ஊறின மரம். காலில் படக்கூடாது. ஒரு துண்டில் கூட்டி அள்ளி, கொல்லையில் வைத்து எரித்து, எரிந்து முடியும்வரை ‘அருள் நிறைந்த மரியே’ செபம் சொல்லிக்கொண்டு நின்றாள். அந்தோணியார் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது.

குருத்தோலை ஞாயிறு கழிந்து மறுபடி பெயிண்ட் அடித்தார்கள், மணல் தூவினார்கள். பெரிய வியாழன், பெரிய வெள்ளி யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. சனிக்கிழமை ராத்திரி பாஸ்கா பூசை முடிந்து ஞாயிற்றுக்கிழமை பார்த்தபோது பெயிண்ட் கல்லாக நின்றது. நகத்தை வைத்துக் கீறினாலும் வரவில்லை.

ஈஸ்டருக்கு மறுநாள் வத்தையை முழங்கால் தண்ணீரில் இறக்கினார்கள். டயானா திருச்சியில் இருந்து வந்திருந்தாள். ஜெபமாலையின் அண்ணன் அருள்சாமி வந்திருந்தார். அந்தக் கரையில் பெரிய ஆள் அவர். வீரய்யா வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். பிராங்க்ளின் ஒரு வாளிக் கடல்தண்ணீரைத் தட்டில் ஊற்றிவிட்டு, ஏறி, காலை அகட்டி நின்றார்.

"ஆட்டுங்க மச்சான்" என்றார்.

அருள்சாமி வத்தையைப் பிடித்து ஆட்டினார். பிராங்க்ளின் ஆணி அடித்த மாதிரி நின்றார். இன்னும் பலமாக ஆட்டச் சொன்னார். ஆட்டின அருள்சாமிக்குத்தான் கால் இடறியது. பிராங்க்ளின் குனிந்து வலை இழுக்கிற மாதிரி ஒரு கயிற்றை இழுத்துக் காட்டினார். அப்போதும் அசையவில்லை. டயானாவே கை தட்டிவிட்டாள்.

அவர் இறங்கிக் கரைக்கு நடந்து வந்தார். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். ஜெபமாலை மட்டும் கீழே பார்த்தாள். ஈர மணலில் அவர் அடி பதிந்த இடமெல்லாம் லேசாகச் சிவந்திருந்தது.

"உக்காருங்க" என்றாள். காலைத் தூக்கி மடியில் வைத்துத் திருப்பினாள். உள்ளங்காலில் நாலைந்து இடத்தில் தோல் கீறி ரத்தம் கசிந்தது.

"எங்க?" என்று அவர் எட்டிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை அவருக்கு.

டயானாவின் முகம் மாறிவிட்டது. "அப்பா, இந்தக் கால்ல புண்ணு வந்தா ஆறாது. வெரல எடுப்பாங்க. அப்புறம் காலை. நான் தெனம் பாக்குறேன் வார்டுல."

பிராங்க்ளின் வத்தையைப் பார்த்தார். இத்தனை நாள் ஒரு தடவைகூடத் தளராதவர், அப்போது தளர்ந்தார்.

"சரி. வித்துரலாம் ஜெபமாலை. வழுக்கலைன்னாலும் இந்தக் காலுக்கு ஆகாது."

வித்துவிடலாம் என்று தையில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். இப்போது அவர் வாயால் அதைக் கேட்டதும், அவர் காலை மடியில் இருந்து இறக்காமலே நிமிர்ந்தாள்.

"வழுக்குச்சா?" என்றாள்.

"இல்ல."

"தட்டு காலைப் புடிச்சுதா?"

"புடிச்சுது."

"அப்புறம் எதுக்கு விக்கணும்? கொஞ்சம் அதிகமாப் புடிக்குது. அவ்வளவுதான. கொறைப்போம்." வீரய்யா பக்கம் திரும்பினாள். "அண்ணே, வேட்டிய மாத்திட்டு வாங்க."

மணலை மறுபடி சலித்தாள். இந்தத் தடவை கொசுவலைத் துணியை இரண்டாக மடித்துக் கட்டி, அதில் இறங்கிய மாவு மணலை மட்டும் எடுத்தாள். வீரய்யா முன் அடித்ததை உப்புத்தாளால் மழுக்கி, ஒரு கை அடித்து, மாவு மணலைத் தூவி, மேலே இரண்டு கை அடித்தார். காய்ந்ததும் ஒரு கேள்வி வந்தது. யார் ஏறிப் பார்ப்பது? பிராங்க்ளின் காலுக்கு ஒன்றும் தெரியாது. வீரய்யா சிமெண்டில் வெந்த தன் பாதத்தைத் தூக்கிக் காட்டினார். "இதுல ஆணி ஏறுனாலும் ஆணிக்குத்தான் வலிக்கும்." அருள்சாமியின் பாதம் அதைவிட மோசம். டயானா திருச்சிக்குப் போய்விட்டாள்.

"நான் ஏறுறேன்" என்றாள் ஜெபமாலை.

அருள்சாமி நிமிர்ந்தார். "என்ன பேசுற நீ? வத்தையில பொம்பள கால் வைக்கிறதா? இந்தக் கரையில எவளாச்சும் வச்சிருக்காளா?"

"அண்ணே, திருவிழாவுக்கு மாதாவை வத்தையில ஏத்திக் கடல் சுத்திக் கொண்டாறீங்கள்ல. மாதா பொம்பள இல்லையா?"

"மாதாவும் நீயும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்ல. மாதாவுக்குப் புருசன் தச்சரு. பலகை எப்படி இருக்குன்னு அவரே பாத்துக்குவாரு. எனக்கு அப்படி வாய்க்கலையே, நான்தான பாக்கணும்."

வீரய்யா சிரிப்பை அடக்க முடியாமல் கடல் பக்கம் போய் நின்றுகொண்டார். அருள்சாமி பிராங்க்ளினைப் பார்த்தார். "மாப்ள, நீ ஒண்ணும் சொல்லலையா?"

பிராங்க்ளின் தண்ணீர் வாளியைத் தூக்கித் தட்டில் ஊற்றினார். பிறகு குனிந்து, அவள் ஏறுவதற்குத் தன் கையைக் கொடுத்தார்.

ஜெபமாலை செருப்பைக் கழற்றிவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு ஏறினாள். இத்தனை வருசமாக எட்டி எட்டித் தடவிய தட்டு. அன்றுதான் அதன் மேல் நிற்கிறாள். வத்தை லேசாக ஆடியது. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு சாணாகக் காலை வைத்து அழுத்தி, இழுத்து, திருப்பிப் பார்த்தாள்.

"இந்த எடத்துல முள்ளு மாதிரி இருக்கு" என்பாள். வீரய்யா வந்து தேய்ப்பார். "இது சரி. இது இன்னும் கொஞ்சம். இது பரவாயில்ல, ஆத்தங்கரை மணல்ல நடக்குற மாதிரி இருக்கு." அப்படி அணியம் முழுக்க, பிறகு பின்தட்டு முழுக்க. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வலை இழுக்கிற மாதிரி நின்று, வத்தையை ஆட்டச் சொன்னாள். அருள்சாமி கட்டின கையை அவிழ்க்கவில்லை. பிராங்க்ளினே ஆட்டினார். அவள் விழவில்லை. இறங்கி, தன் பாதத்தைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினாள். ஒரு கீறல் இல்லை.

"இப்ப நீங்க ஏறுங்க" என்றாள் புருசனிடம்.

அவர் ஏறி நின்று, ஆடி, இறங்கினார். அவள் காலைத் தூக்கிப் பார்த்தாள். பாதம் சுத்தமாக இருந்தது. போனில் மகளைக் கூப்பிட்டு அவளே சொன்னாள்: "ஒங்கப்பா நாளைக்குக் கடலுக்குப் போறாரு. தெனமும் வந்ததும் காலைப் பாத்து ஒனக்குப் போட்டோ அனுப்புறேன். நீ லைட்டுப் போட்டு நல்லாப் பாரு."

டயானா, "ரெண்டு காலும் அனுப்பும்மா" என்றாள்.

தடைக்காலத்துக்கு இரண்டு நாள் இருக்க, அவர் பாய் விரித்துப் போனார். விடியக்காலம் நண்டோடு வந்தார். இறங்கினதும் முதல் வேலையாகச் சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்து காலை நீட்டினார். அவள் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, விரல் இடுக்கெல்லாம் பார்த்து, போட்டோ எடுத்தாள். ஏலக்காரர்கள் கேலி பேசினார்கள். "என்ன பிராங்க்ளினண்ணே, தெனமும் பாதம் கழுவுற பெரிய வியாழனா?" அவர் சிரித்துக்கொண்டே மற்றக் காலையும் நீட்டுவார். செவ்வாய்க்கிழமை எண்ணெயை அவள் விடவில்லை. பாய்மரத்தில் உயரமாக, கால் படாத இடத்தில், ஒரு விரல் மட்டும் வைத்தாள்.

அப்படி நாலு வருசம் போனது. ஒவ்வொரு தவக்காலத்திலும் தட்டுக்குப் புதுசாக மணல் தூவி அடித்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஜெபமாலைதான் முதலில் ஏறினாள். இரண்டாம் வருசம் அருள்சாமியே தன் படகின் தட்டைக் காட்டி, "நீ ஒரு நட ஏறிப் பாத்துட்டுப் போ" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கரையில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பிராங்க்ளின் ஒரு தடவைகூட விழவில்லை. பாதத்தில் ஒரு புண் வரவில்லை.

சுகர் காலை விட்டுவிட்டுச் சிறுநீரகத்துக்குப் போனது. ஐந்தாம் வருசம் ஐப்பசியில் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டயானா வந்து கூடவே இருந்தாள். பதினோராம் நாள், அவரைத் தனி வார்டுக்குள் கொண்டுபோகிறோம், வீட்டு ஆட்கள் வெளியே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கோயில் உபதேசியார் வந்து செபம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஜெபமாலை காலையில் இருந்து கட்டில் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். உட்கார அங்கே இடம் இல்லை.

அவர் மெதுவாகப் பேசினார். வத்தையை விற்க வேண்டாம் என்றார். அருள்சாமி மகன் கேட்டால் கொடுக்கச் சொன்னார். வெளியே என்ன காற்று அடிக்கிறது என்று கேட்டார். வாடை இன்னும் எழும்பவில்லை என்று அவள் சொன்னாள். தள்ளுவண்டி வந்தது. இரண்டு பேர் அவரைத் தூக்கி அதில் வைத்தார்கள். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதத்தை அவள் மூடிவிட்டாள். கதவுப் பக்கம் போனதும் அவர் வண்டியை நிறுத்தச் சொல்லி, தலையைத் திருப்பி அவளைத் தேடினார்.

"நீ காலையிலேர்ந்து நிக்கிற. கால் வலிக்கும் ஒனக்கு. போய் எங்கயாச்சும் உக்காரு."